ஓடுற வண்டிக்கு செல்ஃப்

ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்கு எவனாவது செல்ஃப் அடிப்பானா? ஓட்டத் தெரியாதவன்கூட அடிக்க மாட்டான். அருப்புக்கோட்டையில் தலை நரைக்கும்வரை ஜீப்பு வேலையே பார்த்த மெக்கானிக் செல்வதுரை அடித்தார். பட்டப்பகலில், வண்டிக்குச் சொந்தக்காரன் கண் முன்னாலேயே அடித்தார். பல்சக்கரம் ‘கர்ர்ரக்’ என்று அரைபட்ட சத்தத்தில் எதிர் டீக்கடைக்காரர் கையிலிருந்த கிளாஸைக் கீழே போட்டுவிட்டார்.

செல்வதுரையைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் அதிர்ச்சி புரியும். திருச்சுழிப் பக்கம் கரிசல் நனைந்துவிட்டால், டிராக்டரை விட்டால் உள்ளே போய் வருவது பழைய பெட்ரோல் ஜீப்புதான். அந்த ஜீப்புகளுக்கு ஐடில் வைக்க, அதாவது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் இன்ஜின் நின்றுவிடாமல் நிதானமாக ஓடும்படி கார்ப்பரேட்டரைத் திருகி வைக்க, இவரைப் போல ஆள் கிடையாது. மீட்டர் கீட்டர் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார். கண்ணை இறுக மூடிக்கொள்வார். ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், மறு கை முதுகுக்குப் பின்னால். கேட்டுக் கேட்டே திருகுவார். வண்டிக்காரர்கள் தேடி வந்தது அந்தக் காதுக்காகத்தான். அது போனால் அவருக்குப் பிழைப்பு போச்சு.

அன்றைக்கு வந்தது எம்.ரெட்டியபட்டி உக்கிரபாண்டியின் ஜீப்பு. காலை எடுத்த மறுநிமிடம் ஆஃப் ஆகிவிடும். பருத்திக் காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி நடுச்சகதியில் நின்றால் என்ன கதி? செல்வதுரை கார்ப்பரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வரும் ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்தார். பார்த்தால், கார்ப்பரேட்டருக்கு அடியில் இருந்த பேக்கிங் அட்டை கிழிந்து, அந்தச் சந்து வழியாக வேண்டாத காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. கோளாறு அதுதான். புது அட்டை வெட்டிப் போட்டு, ‘முடிஞ்சிருச்சு, இனி ஐடில் வச்சாப் போதும்’ என்றார். உக்கிரபாண்டி நிம்மதியாக விதைக் கடைக்குப் போனான்.

மத்தியானம் திரும்பி வந்தவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கார்ப்பரேட்டர் மறுபடி அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது.

“என்ன அண்ணாச்சி, காலையிலயே முடிஞ்சிருச்சுன்னீக?”

“நிக்க மாட்டேங்குது பாண்டி. ரேஸ் பண்ணுனா நல்லா உறுமுது, விட்டா செத்துப்போகுது. எத்தன தடவதான் பிரிச்சு மாட்டுறது?”

பட்டறையை ஒட்டினாற்போல அடுத்த சுவரில் விசைத்தறிக் கூடம். எந்நேரமும் தடதடவென்று தரை அதிரும். அந்தத் தெருவில் எல்லாருமே சத்தம் போட்டுத்தான் பேசுவார்கள். செல்வதுரை எல்லாவற்றையும் மாட்டி, ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடினார். ஒரு ரேஸ் கொடுத்து விட்டார். அந்நேரம் பார்த்து கரண்டு போனது. தறிகள் மொத்தமும் நின்றன. அந்த அமைதியில் ஜீப்பு சீராக, கொஞ்சம் வேகமாகவே, புடுபுடுவென்று ஓடிக்கொண்டிருந்தது. உக்கிரபாண்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியா, செத்துருச்சு” என்றார் செல்வதுரை. வெளியே நின்றபடியே கையை உள்ளே விட்டு செல்ஃப் பட்டனை அமுக்கினார்.

உக்கிரபாண்டி பதறிப்போய் அவர் கையைப் பிடித்தான். “அண்ணாச்சி! வண்டி ஓடிக்கிட்டுல்ல இருக்கு!”

“எங்க ஓடுது?”

அவன் பிடித்த கையை அப்படியே இழுத்து பானெட்டின் மேல் வைத்தான். தகரம் உள்ளங்கையில் அதிர்ந்தது. குனிந்து பார்த்தால் ஃபேன் சுற்றுகிறது. கைக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. காலையிலேயே சரியாகிவிட்ட வண்டியைத்தான் இவ்வளவு நேரமும் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார். செல்வதுரை பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்தார்.

சத்தம் கேட்டுப் பின்வீட்டிலிருந்து அவர் மனைவி ஜெயசெல்வி ஓடி வந்தாள். “என்னங்க ஆச்சு?”

“செல்வி, எனக்குக் காது கேக்கல போலருக்கு.”

அவள் அதிர்ச்சி அடையவில்லை. அதைப் பார்த்து இவர்தான் இரண்டாம் முறையாக அதிர்ந்தார்.

“ஒனக்குத் தெரியுமா?”

“பின்ன? தறி ஓடாத ஞாயித்துக்கெழமயில கூட எதுக்குத் தொண்ட கிழியக் கத்துறேன்னு நெனச்சீக?”

இவர் என்ன நினைத்திருந்தார்? வயசாக ஆக இவளுக்கு வாய் நீண்டுவிட்டது, புருஷன் என்ற மரியாதை போய்விட்டது என்று நினைத்திருந்தார். அதைச் சர்ச் பாஸ்டரிடம் போய் முறையிட்டும் இருந்தார். பாஸ்டர் வீட்டுக்கே வந்து, ஜெயசெல்வி தலையில் கை வைத்து, ‘இந்த மகளுக்குச் சாந்தத்தைத் தாரும்’ என்று உருகி ஜெபித்துவிட்டுப் போனார். அவளும் தலையைக் குனிந்தபடி ‘ஆமென்’ சொன்னாள். புருஷனுக்குக் கேட்கட்டும் என்று அதையும் கத்தித்தான் சொன்னாள்.

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா? மறுநா எவன் ஒங்ககிட்ட வண்டிய விடுவான்? வாயாடின்னு பேரு வந்தா வரட்டும்னு இருந்துட்டேன்.”

செல்வதுரைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இவளையா பாஸ்டர் வரைக்கும் போய்க் குறை சொன்னோம் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உக்கிரபாண்டி நிற்கிறானே என்றுகூடப் பார்க்காமல் அழுதார். இனி இவனும் வண்டியைக் கொண்டு வர மாட்டான், இவன் வாய் வழியாகச் சங்கதி திருச்சுழி வரைக்கும் போய்விடும் என்று பயமும் வந்தது.

இதற்குள் கரண்டு வந்து தறிகள் தடதடக்க ஆரம்பித்திருந்தன. உக்கிரபாண்டி குனிந்து அவர் காதருகே வாயை வைத்தான். “அண்ணாச்சி, ஐடிலு கொஞ்சம் கூட இருக்கு. கொறச்சுக் குடுங்க. நாங் காட்டுக்குப் போகணும்.”

செல்வதுரை முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. ஜெயசெல்வியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து இன்ஜின் பக்கத்தில் நிறுத்தினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுப்படியில் நின்றபடி அவள் கேட்டுப் பழகிய சத்தம் அது. அவள் சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருகினார், இன்னும் கொஞ்சம் திருகினார்.

“போதும்ங்க!” என்று ஜெயசெல்வி கத்தினாள்.

தறிச் சத்தத்தையும் மீறி அது தெருமுனை வரைக்கும் கேட்டது. செல்வதுரைக்கும் கேட்டது.