சூடு பண்ணாமல் எடுத்த லொறி

டிரைவர் ஆறுமுகம் அண்ணன் நேற்று சாயங்காலம் இறந்துவிட்டாராம். அவர் மகன் போன் பண்ணிச் சொன்னான்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு விரலால் தட்டுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தியைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கொழும்பில் இருக்கும் என் அண்ணன் மகன் ராஜா உடனே போன் எடுத்தான். "அந்தாளு செத்ததுக்கு நீங்க எதுக்கு அத்தை அழுறீங்க? எங்க அம்மாவக் கொன்ன மனுசன்தானே?"

 போனை வைத்துவிட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜ் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். கீழே பேக்டரி, பக்கத்திலேயே லொறி ஷெட். மேலே நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள், எங்கள் லயம்.

தோட்டத்து லொறிக்கு ஆறுமுகம் அண்ணன்தான் டிரைவர். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். விடியற்காலை சுடுதண்ணி கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றுவார். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுவார். பிறகு பத்து நிமிஷம் வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்... அவர் பானட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார்.

கொழுந்து பறிக்கப் போகிற நாங்கள் சும்மா விடுவோமா? "லொறிக்கும் ஒரு வாய் ஊத்துங்கண்ணே, பாவம் குளிருது!"

"போங்க புள்ளைகளா. ஏத்தத்துல நின்னுபோச்சுன்னா நீங்களா தள்ளுவீங்க?"

அந்தப் பத்து நிமிஷம்தான் எங்கள் லயத்துக்குக் கடிகாரம். கீழே எஞ்சின் சத்தம் கேட்டால் யாரும் பதற மாட்டோம். டவுனுக்குப் போகிறவர்கள் அதற்குப் பிறகுதான் முகம் கழுவி, சீலை மாற்றி, குறுக்குப் பாதையில் இறங்குவார்கள். ஒருநாளும் லொறியைத் தவறவிட்டதில்லை.

என் அண்ணன் மனைவி பாக்கியம் அண்ணிக்கு அது தலைப்பிரசவம். காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிக்க இன்னும் நேரம் இருந்தது. வலி கண்டு கிடந்தவளுக்குத் திடீரென்று ரத்தம் போக ஆரம்பித்தது.

"ஓடிப்போயி டிரைவர எழுப்பு!" என்றார் என் அண்ணன். அவ்வளவுதான் சொன்னார். நான் குறுக்குப் பாதையில் விழுந்தடித்து ஓடினேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

ஆறுமுகம் அண்ணன் உடனே ஸ்டார்ட் பண்ணினார். வழக்கம்போல பானட்டில் கையை வைத்தார்.

"அண்ணே, இன்னைக்கு சூடெல்லாம் பண்ணாதீங்க! அண்ணி ரத்தமாக் கெடக்கு. இப்பவே மேல வாங்க!"

"பச்ச எஞ்சின் தங்கச்சி... சூடேறாம ஏத்தம் இழுக்காது."

"உங்க வீட்டுப் பொம்பளையா இருந்தா இப்படி நிப்பீங்களா?"

சொன்னேன். இதே வாயால் சொன்னேன்.

அவர் பானட்டிலிருந்து கையை எடுத்தார். என்னையும் ஏற்றிக்கொண்டு எடுத்துவிட்டார்.

மலையைச் சுற்றிப் போகிற ரோட்டு. பனி வேறு. இரண்டாவது வளைவில் எஞ்சின் இருமிக்கொண்டு நின்றது. இறங்கி ஹேண்டிலைச் சுற்றினார், சுற்றினார்... ஒருவழியாய் மேலே போய்ச் சேர்ந்தால், எங்கள் வீட்டுக் காம்பராவில் அண்ணி இல்லை.

எங்கள் அண்ணன் எஞ்சின் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். "சூடு பண்றாரு, பத்து நிமிசம் இருக்கு. அதுக்குள்ள எறக்கிருவோம்" என்று அண்ணியைக் கம்பளியில் கட்டி, நாலு பேர் சேர்ந்து குறுக்குப் பாதையில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் ரோட்டில் ஏறும்போது அவர்கள் தேயிலைக்குள்ளே இறங்கியிருக்கிறார்கள்.

லொறியைத் திருப்பிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தபோது அண்ணி சாக்கின் மேல் கிடந்தாள். உதடு வெளுத்துப்போயிருந்தது.

ராஜா அந்த லொறியில்தான் பிறந்தான். என் கையில்தான் விழுந்தான். ஆஸ்பத்திரி கேட்டைப் பார்க்கும்போது அண்ணிக்கு மூச்சு இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஆபீஸ் வாசலில் விசாரணை. தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையாவும் என் அண்ணனும் முன்னால் நின்றார்கள். அண்ணன் கத்தினார், "எப்பவும்போல நின்னிருந்தா பொழச்சிருப்பாளே! யாரு உன்ன மேல வரச் சொன்னது?"

நான் ஐந்தடி தள்ளி நின்றேன், ராஜாவைக் கையில் ஏந்திக்கொண்டு.

ஆறுமுகம் அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் எடுத்தேன்."

லொறியைப் பறித்து மண்வெட்டி வேலைக்குப் போட்டார்கள். லயத்தில் ரொம்ப நாள் அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. பயம்... என் அண்ணன் என்னை வெட்டியே போட்டிருப்பார் என்ற பயம். பிறகு என் அண்ணனும் போய்ச் சேர்ந்தார், அப்போதும் சொல்லவில்லை. அதற்கு என்ன பெயர் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

நாலைந்து வருஷத்துக்கு முன் அட்டன் டவுனில் அவரைப் பார்த்தேன். மகனுடைய புது வேனில் முன் சீட்டில் இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "இந்தக் காலத்து வண்டிக்கு சூடெல்லாம் பண்ணத் தேவையில்லப்பா, டீசல்தான் வீணாப்போகுது" என்று மகன் சலித்துக்கொண்டான்.

"இருக்கட்டும்டா. யாராச்சும் எறங்கி வந்துக்கிட்டு இருப்பாங்க."

நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அன்னைக்கு..." என்றேன்.

அவர் என்னை முடிக்க விடவில்லை. "அந்தப் புள்ள நல்லா இருக்கானா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

ராஜா... நீ இதைப் படிப்பாய். சூடு பண்ண வேண்டாம், மேலே வாங்க என்று சொன்னது நான்தான். உன் அப்பாவிடம் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. உனக்குக் கோபம் வந்தால் என்மேல் வரட்டும்.

நாளைக்கு மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். விடியற்காலை பஸ் பிடித்தால் வந்துவிடலாம்.

கொஞ்சம் பொறுத்துப் போங்கண்ணே. ஒருத்தன் வரவேண்டியிருக்கு.