மிஞ்சின அணி

முசலிக் கரையிலிருந்து மன்னாருக்கு வள்ளத்தில் வந்திறங்கும் கூடைப்பந்து அணியில் ஏழு பேரும் ஒரு கிடாயும் இருப்பார்கள். எட்டிலும் கிடாய்க்குத்தான் கால் வேகம் என்பது தீவுக்காரரின் பகிடி. அணித் தலைவன் சனூன் அதற்குக் கோபிப்பதில்லை. மற்ற ஆறு பேரும் ஓடுவதை அவன் பார்த்திருக்கிறான்.

1935ஆம் ஆண்டு தொடங்கி நாலு வருடம் அவனே தலைவன். சீனியர் வகுப்பில் நாலு வருடம் இருப்பவனுக்கு அந்தப் பதவி தானாக வந்துவிடும். அவன் படித்த இடத்தில் ஐந்து அறைகள், ஒன்றுக்குக் கூரை இல்லை. பெயர்ப்பலகையில் மட்டும் கல்லூரி என்று இருந்தது. மன்னார்க் கரையில் அப்போது அப்படி ஐந்து கல்லூரிகள் கூடைப்பந்து விளையாடின: பட்டினம், பேசாலை, தலைமன்னார், அடம்பன், முசலி. தை மாதத்திலிருந்து ஒன்றோடொன்று மோதிக்கொண்டு, வைகாசியில் ஒரு சனிக்கிழமை பட்டினத்தில் கூடி யார் பெரியவன் என்று முடிவு கட்டுவார்கள். மணலில் பந்து எழும்பாது என்பதால் மாதா கோயில் வளவில் புற்றுமண் போட்டு இறுக்கிய ஒரு திடல் இருந்தது. இரண்டு பனங்குற்றி, இரண்டு பீப்பாய் வளையம். கழுதைகள் குறுக்கே வந்தால் விசில் ஊதி நிறுத்துவார்கள், போனதும் தொடங்குவார்கள்.

ஐந்து அணியை இரண்டிரண்டாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சும். இந்த வில்லங்கத்துக்குப் பட்டினக் கல்லூரியில் கணக்கெழுதும் கிளாக்கர் அருட்பிரகாசம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். நாலு அணிகள் காலையில் மோதும். வென்ற இரண்டும் பதினொரு மணிக்கு மோதும். அதில் வென்றது, நாலு மணிக்கு மிஞ்சின அணியுடன் இறுதிப் போட்டி ஆடும். அதாவது, மிஞ்சின அணி ஒரு பந்தும் தொடாமல் இறுதிப் போட்டிக்குப் போய்விடும்.

இது எந்த ஊர் நியாயம் என்று யாரும் கேட்கவில்லை. காரணம் சாப்பாடு. தூர ஊரிலிருந்து வந்தவர்களைப் பட்டினியோடு அனுப்புகிற வழக்கம் அந்தக் கரையில் இல்லை. எல்லோரும் ஒரு பந்தியில் இருந்து தின்ன வேண்டுமென்றால் கிடாயை முஸ்லிம் கையால் அறுக்க வேண்டும். அறுத்து, உரித்து, ஐம்பது பேருக்குக் கறி காய்ச்ச ஒரு காலை முழுக்கப் போய்விடும். ஆகவே மிஞ்சின அணிதான் சமைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சமைத்த கூலிக்கு இறுதிப் போட்டி.

மிஞ்சுவது யார் என்று விடியற்காலையில் சீட்டெடுப்பார்கள். நாலு சீட்டில் எழுத்திருக்கும், ஒன்று வெறும் சீட்டு.

"தூரத்தால வந்த பிள்ளையள் முதல்ல எடுக்கட்டும்," என்பார் அருட்பிரகாசம். சனூன் பிஸ்கட் பெட்டிக்குள் கையை விடுவான். வெறும் சீட்டு வரும். "மிஞ்சினது முசலி," என்று கிளாக்கர் எழுதிக்கொள்வார். மற்ற நாலுக்கும் அவரிடம் வேறொரு பட்டியல் இருந்தது.

மூன்று வருடமும் இப்படியே. மூன்று வருடமும் காலை முழுக்கப் புகை குடித்து, மத்தியானம் மூக்கு முட்டத் தின்று, நாலு மணிக்குக் கண் சிவக்கத் திடலில் இறங்கி உதை வாங்கினார்கள். முதல் வருடம் இருபத்தெட்டுக்கு ஆறு. அடுத்தது முப்பதுக்கு ஐந்து. ஆனாலும் இறுதிப் போட்டியில் தோற்றவனுக்கு இரண்டாம் இடத்துச் சான்றிதழ் உண்டு. சிவப்பு அரக்கு முத்திரையோடு அது பார்க்க அழகாக இருக்கும்.

அந்த அழகில் மயங்கியவர் சனூனின் தாய் ஆசியா உம்மா. சோதனைத் தாள்களை மகன் வீட்டில் காட்டியதே இல்லை. ஆகவே பட்டினத்துக் கருவாட்டு வியாபாரி மீராசாஹிபுவின் மகள் உம்மு ஸல்மாவைப் பெண் கேட்கப் போகையில் முந்தானைக்குள் மடித்துக்கொண்டு போனது அந்த இரண்டு சான்றிதழ்களையும்தான்.

மீராசாஹிபு அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல பொடியன் போல கிடக்கு. இந்த வருசம் விளையாட்டை நான் வந்து பார்க்கிறன். பிறகு கதைப்பம்," என்றார்.

அந்த மூன்றாம் வருடம்தான் விஷயம் உடைந்தது. சீட்டெடுத்து, வெறுமை வந்து, கிடாயை அறுத்தாகிவிட்டது. விறகு ஈரம். பற்றவைக்கக் கடதாசி தேடிய சனூன், திடலோரம் கிடந்த பிஸ்கட் பெட்டியை எடுத்து வந்து மீதி நாலு சீட்டையும் அடுப்புக்குள் போடப் போனான். ஒன்று விரிந்தது. வெறுமை. மற்றதை விரித்தான். அதுவும் வெறுமை. நாலும் வெறுமை.

கிளாக்கர் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"கிளாக்கர் ஐயா, இதில ஒரு எழுத்தும் இல்லை."

அருட்பிரகாசம் சீட்டைப் பார்த்தார். பிறகு பந்தை அமத்திப் பார்த்தார். "இல்லைத்தான்."

"மூண்டு வருசமும் இப்பிடியோ?"

"ஓம். தம்பி, முஸ்லிம் அணி நீங்கள் மட்டும்தான். நீங்கள் விளையாடப் போனால் கிடாயை ஆர் அறுக்கிறது? நான் அறுக்கட்டோ? நீங்கள் தின்பியளோ?"

"என்ர அதிர்ஷ்டம் எண்டெல்லோ நான் ஊரில சொன்னனான்."

"அதிர்ஷ்டம்தானே. ஒருதரையும் வெல்லாமல் ரெண்டாம் இடம் எடுத்தது இந்தக் கரையில நீங்கள் மட்டும்தான்." சொல்லிவிட்டு அவர் பம்பைத் திரும்பவும் அமத்தத் தொடங்கினார். "உங்கட கறிக்குத்தானப்பா பேசாலைக்காரன் ஒவ்வொரு வருசமும் வாறான். பந்துக்கெண்டோ நினைச்சனீங்கள்?"

அன்று நாலு மணிக்கு முப்பத்தொன்றுக்கு நாலு. மீராசாஹிபு கதிரை போட்டு முன்வரிசையில் இருந்து முழுவதையும் பார்த்தார். இடையில் பக்கத்திலிருந்தவரிடம் விசாரித்து, முசலி எப்படி இறுதிக்கு வந்தது என்பதையும் அறிந்துகொண்டார். எல்லாம் முடிந்த பிறகு சனூனைக் கூப்பிட்டார்.

"மகன், நீங்கள் மூண்டுதரம் ரெண்டாம் இடம். எத்தனைதரம் வெண்டனீங்கள்?"

சனூன் கையிலிருந்த மூன்றாவது சான்றிதழை நாலாக மடித்தான்.

"ஒருதரமும் இல்லை. இல்லாததை முத்திரை குத்தி என்ர வீட்டுக்கு அனுப்பினால் நான் என்னெண்டு பொம்பிளை தாறது? நாளைக்கு எனக்கே ஈரக் கருவாட்டைக் காய்ஞ்சது எண்டு நிறுப்பியள். ஒரேயொரு விளையாட்டு, உண்மையா, என்ர கண்ணுக்கு முன்னால வெண்டு காட்டுங்கோ. பிறகு உம்மாவை வரச்சொல்லுங்கோ."

கறியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானப் பந்தியில் மூன்று தரம் வாங்கித் தின்றிருந்தார்.

வெல்வதற்கு முதலில் விளையாட வேண்டும், அதுவும் தன்னளவு மட்டமான ஒருவனோடு. சனூன் நாலு வெறும் சீட்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளாக்கரிடம் போனான். கொழும்பிலிருந்து புதிதாக வந்திருந்த பங்குக் குரு வலன்ரைன் சுவாமியார் விளையாட்டு விதிப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, போட்டியை ஒழுங்காக நடத்த வேண்டும் என்று சொல்லிவருவது ஊருக்கே தெரியும்.

"சுவாமியார் சொல்லுற மாதிரியே அடுத்த வருசம் வையுங்கோ ஐயா. இல்லாட்டி இந்தச் சீட்டுகளைச் சுவாமியார்தான் விரிச்சுப் பார்ப்பார்."

அருட்பிரகாசம் பெருமூச்சு விட்டார். "கறி போச்சு," என்றார்.

சுவாமியாரின் முறை இது. சீட்டு இல்லை. தை தொடக்கம் ஆடிய ஆட்டங்களை வைத்து அணிகளை வரிசைப்படுத்துவது. நாலாவதும் ஐந்தாவதும் காலை ஏழு மணிக்கு மோத வேண்டும். வென்றவன் எட்டரைக்கு முதலாம் அணியோடு. இரண்டாவதும் மூன்றாவதும் பத்து மணிக்கு. வென்றவர்கள் இருவரும் நாலு மணிக்கு இறுதி. நன்றாக ஆடினவனுக்குக் காலையில் நித்திரை, மோசமாக ஆடினவனுக்குக் கூடுதல் வேலை. கேட்டவர்கள் எல்லோரும் இதுதான் நியாயம் என்றார்கள். யார் சமைப்பது என்று ஒருவர் கேட்டார்.

"ஏழு மணிக்கு மூன்று அணிகள் சும்மா இருக்குதுகள்தானே," என்றார் சுவாமியார். "முந்தி ஒரு அணி சமைச்சது. இப்ப மூன்று. இன்னும் சுகம்."

1938இல் பட்டினம் முதலாவது, பேசாலை இரண்டாவது, தலைமன்னார் மூன்றாவது, அடம்பன் நாலாவது. முசலி ஐந்தாவது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சனூன் சுபஹ் தொழுகையோடு எழும்பிக் கிடாயை அறுத்தான். உரித்து, வெட்டி, மசாலைச் சரக்குப் பிரட்டி, கிடாரத்தை அடுப்பில் ஏற்றினான். மூன்று அணிகளிலிருந்தும் வந்து நின்றவர்களைப் பார்த்து, "நெருப்பைச் சிறிசா விடுங்கோ, உப்புக் கிடக்கு, கொதிச்சாப் பிறகு போடுங்கோ," என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு திடலுக்கு ஓடினான்.

அடம்பன் தலைவன் சிவசுப்பிரமணியம் வயலில் கலப்பை பிடித்தவன். அவன் தோள் பட்டால் ஆள் அரை நாள் எழும்ப முடியாது. ஆனால் பந்து எங்கே போகிறது என்பதில் அவனுக்கு அக்கறை இல்லை. இரண்டு பக்கமும் வளையத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் எறிந்தார்கள். கழுதைகளால் இரண்டு தரம் நின்றது. முன்வரிசைக் கதிரையில் மீராசாஹிபு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். எட்டுக்கு எட்டு. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் கிடக்கும்போது சிவசுப்பிரமணியம் சனூனைத் தோளால் இடித்து விழுத்தினான். சுவாமியார் விசில் ஊதினார். தண்ட எறிகை, ஒன்றே ஒன்று.

"காக்கா, கிடாரம் எண்டு நினைச்சுப் போடுங்கோ," என்றான் சிவசுப்பிரமணியம், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. திடலைச் சுற்றிச் சிரிப்பு.

சனூன் அப்படியே நினைத்தான். அரிசிப் பெட்டியைத் தூக்கி உலைக்குள் சரிக்கிற மாதிரி இரண்டு கையாலும் கீழிருந்து பந்தை விட்டான். வளையத்தில் பட்டு, பனங்குற்றியில் பட்டு, யோசித்து, உள்ளே விழுந்தது. ஒன்பதுக்கு எட்டு.

மீராசாஹிபு எழும்பவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சரி, கண்டன்," என்றார். சனூனுக்கு அது போதும்.

தோளில் தூக்கிய பொடியன்களிடமிருந்து இறங்கி நேரே அடுப்படிக்குப் போனான். கறியில் கொஞ்சம் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தான்.

"ஆர் உப்புப் போட்டது?"

"நாங்கள்தான்," என்றான் பேசாலைக்காரன்.

"நீங்களோ? நாங்களெல்லோ போட்டது," என்றான் தலைமன்னார்க்காரன்.

பட்டினத்துத் தலைவன் செபமாலை கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். கையில் உப்புச் சிரட்டை இருந்தது.

ஒரு அணி மிஞ்சியபோது ஒருவன் உப்புப் போட்டான். மூன்று அணிகள் மிஞ்சியபோது மூன்று பேர் போட்டார்கள். விதிப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஐம்பது பேரின் மத்தியானச் சாப்பாடு கடல் தண்ணீராகக் கொதித்துக்கொண்டிருந்தது. எட்டரைக்கு விசில் ஊதியது.

"சனூன் காக்கா, வாங்கோ," என்று ஓடிவந்தான் பாயிஸ், முசலியின் ஏழாவது ஆட்டக்காரன். "பட்டினம் இறங்குது."

சனூன் கிடாரத்தைப் பார்த்தான், திடலைப் பார்த்தான். "நீ போய் விளையாடு. செபமாலை, உன்ர ஆக்களில விளையாடாத ரெண்டு பேரை அனுப்பு, நாற்பது தேங்காய் துருவவேணும். தலைமன்னார் வாழைக்காய் சீவட்டும். பேசாலை, சோத்தில ஒரு கல் உப்புப் போட்டியளோ கொல்லுவன்."

முசலி அந்த ஆட்டத்தில் இருபத்தேழுக்கு இரண்டு என்று தோற்றது. அந்த இரண்டும் செபமாலை தவறுதலாகத் தன் வளையத்திலேயே போட்டது. பாதிக் குழம்பை வெளியே ஊற்றி, கட்டிப்பால் விட்டு, வாழைக்காயைப் போட்டு உப்பைக் குடிக்க வைத்து, தேசிக்காய் பிழிந்து இறக்கியபோது மணி பன்னிரண்டரை. பந்தியில் ஒருவரும் கதைக்கவில்லை. அதுதான் அந்தக் கரையில் நல்ல கறிக்கு அடையாளம்.

மீராசாஹிபு கை கழுவிவிட்டு அடுப்படிக்கு வந்தார். சனூன் கிடாரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"எட்டரை விளையாட்டுக்கு ஏன் போகேல்லை?"

"ஒண்டுதானே மாமா கேட்டனீங்கள். வெண்டிட்டன்."

அவர் கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "பந்து போட ஊரில ஆள் கிடக்கு. உம்மாவை வரச்சொல்லுங்கோ. கலியாணத்துக்கு ஆரைக்கொண்டு சமைப்பிக்கிறது எண்டுதான் எனக்கு யோசனையா இருந்தது."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. தன் கலியாணத்துக்குத் தானே கறி காய்ச்சிய மாப்பிள்ளை சனூன் ஒருவன்தான். நிக்காஹ்வுக்குக் கூப்பிட்டபோது, "இன்னும் அஞ்சு நிமிசம், எண்ணெய் மேல வரட்டும்," என்றானாம்.

அடுத்த வருடம் கூட்டம் கூடி, சுவாமியாரின் முறை மிக நல்லது என்று ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டுப் பழைய முறைக்கே திரும்பியது. சனூன் கல்லூரியை விட்டிருந்தார். ஆனாலும் வைகாசிச் சனிக்கிழமைகளில் வள்ளத்தில் வந்து கிடாயை அறுத்தார். மற்ற நாட்களில் முசலி தொடக்கம் தலைமன்னார் வரை முஸ்லிம் கலியாணம், கத்தோலிக்கக் கலியாணம் என்று கிடாரத்தோடு அலைந்தார். சீனியர் பாஸ் பண்ணின கூட்டாளிகள் கந்தோர்க் கதிரையில் இருந்து தேய, இவர் வீட்டுக்கு ஓடு போட்டார்.

மூன்று சான்றிதழ்களையும் அவர் குசினிச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார். புகையில் அவை கருத்துப்போயின. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்த ஒன்பதுக்கு எட்டைக் கறி இறக்கும் வரை சொல்லிக்கொண்டிருப்பார்.

"அந்த விளையாட்டுக்கு உள்ளது இதில எது?" என்று கலியாணமான புதிதில் உம்மு ஸல்மா ஒருமுறை கேட்டாள்.

"இதில இல்லை. இது மூண்டும் தோத்தது."

"வெண்டதுக்கு?"

"முதல் சுற்றில வெண்டால் தாள் குடுக்கிற முறை இல்லை."

உம்மு ஸல்மா அகப்பையால் கறியைக் கிளறி, உள்ளங்கையில் ஒரு துளி விட்டுப் பார்த்தாள்.

"உப்புக் காணாது," என்றாள். "கதைச்சுக்கொண்டு நிக்காமல் போடுங்கோ."