றெஜினா அன்ரி ஆதரவாளர் இல்லை, ஸ்கோரர்

றெஜினா அன்ரி நேற்றுக் காலை காலமாகிவிட்டார்.

மகள் ஷெரினின் மெசேஜ் வந்தபோது நான் ஒன்லைன் மீட்டிங்கில் இருந்தேன். "அம்மா போயிட்டா அக்கா." அவ்வளவுதான்... கமராவை நிறுத்திவிட்டேன்.

மத்தியானம் எங்கள் யூனிவர்சிட்டி பேஸ்போல் கிளப்பின் பக்கத்தில் ஒரு பதிவு. "பெண்கள் அணியின் நீண்டகால ஆதரவாளர்" மறைந்துவிட்டாராம்.

ஆதரவாளரா?

ஆதரவாளர் என்றால் வேலியோரம் கதிரை போட்டிருந்து கை தட்டுபவர். அன்ரி பதினொரு சீசனில் ஒருநாளும் எங்களுக்குக் கை தட்டியதில்லை. எப்படித் தட்டுவது, கையில் பென்சில். அவர் எங்கள் ஸ்கோரர்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அன்ரி மன்னார் ஆள். இங்கே வந்து கிரவீனில் வீடு, முதியோர் இல்லக் குசினியில் வேலை. ஷெரின் டீமில் சேர்ந்த புதிதில் அவளைக் காரில் கொண்டுவந்து விட வந்தவர். ஒருநாள் ஸ்கோர் எழுதுபவர் வரவில்லை. சும்மா இருக்கிறாரே என்று கோச் டேவ் அன்ரியிடம் கொப்பியை நீட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கொப்பியை அவரிடமிருந்து ஒருவராலும் வாங்க முடியவில்லை.

ஷெரின் ஒரே சீசனோடு விளையாட்டை விட்டுவிட்டாள். இனி நீங்களும் வரத் தேவையில்லை அம்மா என்றாளாம்.

"நீ நிப்பாட்டினா நீ நிப்பாட்டு. நான் ஏன் நிப்பாட்ட?"

தேவாலயத்து ஞாயிறு பூசையைச் சனி பின்னேரமே முடித்துவிட்டு ஞாயிறு முழுக்க மைதானத்தில் இருப்பார்.

நான் விளையாடியது ஷோர்ட்ஸ்டொப். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்கிற ஆள், பந்து அதிகம் வருகிற இடம். அந்தப் பந்தை நான் தவறவிட்டு, அடித்தவள் ஓடிப் போய் பேஸைத் தொட்டுவிட்டால், அது அவளுடைய திறமையா என்னுடைய பிழையா என்று தீர்மானிப்பது ஸ்கோரர். அதாவது அன்ரி.

சத்தியமாக, அவரோடு சண்டை பிடித்த அளவுக்கு நான் என் வீட்டுக்காரரோடுகூடப் பிடித்ததில்லை.

ஒரு செமிஃபைனல். பந்து நிலத்தில் எதிலோ பட்டு என் தோளுக்கு மேலால் போய்விட்டது. அன்ரி என் பெயரில் பிழை போட்டுவிட்டார்.

"அன்ரி, அது கல்லிலை பட்டுத் திரும்பினது."

"எந்தக் கல்லு? வா, காட்டு."

மட்ச் முடிந்து எல்லோரும் பீட்சா சாப்பிடப் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து கல் தேடுகிறோம். கடைசியில் ஒரு கல்லைக் கண்டுபிடித்தேன். அன்ரி அதைப் பார்த்தார், நான் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"இது நாலு அடி தள்ளியெல்லோ கிடக்கு, பிள்ளை."

பிழை பிழையாகவே இருந்தது.

சரி, கண்டிப்பான ஆள் என்று விட்டுவிடலாம். அடுத்த சீசன் செய்தது அதைவிட மோசம்.

அன்று எங்கள் எமிலி பந்து வீசினாள். மட்ச் முழுக்க எதிரணியில் ஒருத்தியும் ஒழுங்காக அடித்து பேஸுக்குப் போகவில்லை... ஒரே ஒருத்தியைத் தவிர. அவள் அடித்த பந்துக்கு நான் பாய்ந்தேன். கையுறை நுனியில் பட்டு நழுவியது. அதை என் பிழை என்று எழுதினால் எமிலிக்கு அது ஒரு அடிகூட விடாத மட்ச். பந்து வீசுகிறவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைத்தாலே பெரிது.

அன்ரி அதை அடித்தவளின் திறமை என்று எழுதியிருந்தார்.

டேவ் போய்க் கெஞ்சினார். எமிலி அழுதாள். கடைசியில் நானே போனேன். எந்தப் பைத்தியம் தனக்குப் பிழை போடச் சொல்லிக் கேட்கும்? நான் கேட்டேன்.

"அன்ரி, என்ரை பிழைதான். போடுங்கோ."

"அது உன்ரை பிழை இல்லை. வடிவாப் பார்த்தனான். அந்தப் பந்தை ஒருத்தரும் பிடிச்சிருக்கேலாது."

"எனக்குப் பரவாயில்லை அன்ரி."

"எனக்குப் பரவாயிருக்கு."

கொப்பியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார். எமிலி அந்த சீசன் முழுக்க அன்ரியோடு பேசவில்லை. அன்ரி அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

இன்று காலை கிளப்புக்குப் போன் எடுத்தேன். ஆதரவாளர் இல்லை, ஸ்கோரர் என்று மாற்றுங்கள் என்றேன். எடுத்த பிள்ளை பணிவாகத்தான் பேசினாள். ஒவ்வொரு சீசனின் லிஸ்டையும் பார்த்தாளாம். வீராங்கனைகள், கோச்மார் எல்லோருடைய பெயரும் இருக்கிறதாம், றெஜினா என்று ஒரு பெயரும் இல்லையாம்.

எப்படி இருக்கும்? அந்த லிஸ்டை அனுப்புவதற்கு முன் எழுத்துப்பிழை பார்ப்பதே அன்ரிதான். என் நீளமான பெயரை கிளப் ஒழுங்காக எழுதியதும் அவரால்தான். உங்கள் பெயரையும் போடுங்கோ அன்ரி என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிப் பார்த்தேன்.

"இது விளையாடுறவையின்ரையும் கோச்மாரின்ரையும் லிஸ்ட். நான் ரெண்டுமில்லை."

இப்போது யார் அலைவது? நான்.

ஒரு மணித்தியாலத்தில் பதிவை மாற்றினார்கள். ஸ்கோரர் என்று வந்தது, ஆனால் அன்ரியின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. திரும்பவும் போன். இப்போது சரி.

இன்னொன்று. போன சீசன் முழுக்க இடுப்பு நோ, இருந்து எழுதினால் பிடிக்குது என்றுதான் எங்களிடம் சொன்னார். அது இடுப்பு நோ இல்லை, பெரிய நோய் என்று ஷெரினுக்கே இரண்டு மாதத்துக்கு முன்தான் தெரியுமாம். மற்றவர்களின் கணக்கில் ஒரு புள்ளி மாற விடாதவர், தன் விஷயத்தில் இப்படி ஒரு பொய்... கோபம் கோபமாக வருகிறது. யாரிடம் காட்டுவது?

வெள்ளிக்கிழமை இறுதிப் பூசை. ஷெரின் விவரம் போட்டிருக்கிறாள். டீம் ஜேர்சியோடு வரலாமா என்று எமிலி கேட்டிருந்தாள். வாருங்கள்.

ஞாயிறு புது சீசனின் முதல் மட்ச் இருக்கிறது. ஸ்கோர் எழுத யார் வருகிறீர்கள் என்று டேவ் குரூப்பில் கேட்டு இரண்டு மணித்தியாலம் ஒருவரிடமும் மூச்சில்லை. நான் எழுதுகிறேன் என்று போட்டிருக்கிறேன். எனக்குப் பாதிதான் தெரியும்.

போயிட்டு வாங்கோ அன்ரி.