சாவுச் செய்தி வாங்குகிறவர்

தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார் லெமுவல் பின்னாக். பிறகு, கொண்டுவந்தவரின் காலணியைப் பார்க்கிறார். சேறு இருந்தால் கொஞ்சம் நம்பிக்கை. பாலிஷ் இருந்தால், "செத்ததை யார் பார்த்தது? நீங்க பார்த்தீங்களா, யாராவது சொன்னாங்களா?"

சிட்னியில் எங்கள் காலைப் பத்திரிகையின் முன்கூடத்தில் மரண அறிவிப்புகளை வாங்குவது அவர் வேலை. பக்கத்து மேஜையில் வாடகை வீட்டு விளம்பரம் வாங்குவது என் வேலை. என் மதிய ரொட்டியைக்கூட அவர் விடுவதில்லை. "ஆட்டுக்கறின்னு யார் சொன்னா?"

1903இல் யாரோ விளையாட்டாகக் கொடுத்த அறிவிப்பை அச்சுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் க்ளீப் பேட்டை ரொட்டிக்காரர் ஒருவர் முழங்கைவரை மாவோடு வந்து, "நான் எத்தனை மணிக்குச் செத்தேன்?" என்று கேட்டார். இன்னொன்று தவறினால் வேலை இல்லை என்று மேலாளர் எழுதியே கொடுத்தார். அன்றிலிருந்து, சவப்பெட்டிக் கடைக்காரரின் கையெழுத்து இல்லாமல் பின்னாக்கிடம் யாரும் சாக முடியாது.

நேற்று மாலை ஐந்தே முக்காலுக்கு பால்மெய்னிலிருந்து ஹோனோரா கீனன் என்ற பெண் வந்தாள். கப்பலுக்கு நிலக்கரி சுமக்கும் கணவன் விடியற்காலையில் இறந்துவிட்டான். மறுநாள் இரண்டு மணிக்கு அடக்கம். தாளில் கையெழுத்து இல்லை.

"கடைக்காரர் இன்னொரு அடக்கத்துக்கு ரூக்வுட் போயிருக்கார் சார். ஏழு மணிக்குத்தான் வருவார்."

"ஆறுக்கு மூடிடுவோம். நாளைக்குக் கொண்டாங்க, நாளன்னிக்குப் போடறேன்."

"நாளன்னிக்கு அவன் மண்ணுக்குள்ள இருப்பான். காலையில பேப்பர்ல வரலேன்னா துறைமுகத்துல ஒருத்தனுக்கும் தெரியாது. பெட்டியை நானும் என் தங்கச்சியுமா தூக்கறது?"

"டாக்டர் சீட்டு?"

"அதுவும் கடைக்காரர்கிட்ட."

"எல்லாம் அவர்கிட்ட. வசதிதான்."

"வீட்டுக்கு வந்து கிள்ளிப் பாருங்க சார். அவன் கத்தினா நான் சொன்னது பொய்."

மேஜையில் கையை ஊன்றி நின்றாள். எடுத்தபோது ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. மணிக்கட்டுவரை அதே கறுப்பு. பின்னாக் அந்தத் தடத்தைத் தொட்டு மோந்து பார்த்தார். துணிச் சாயமும், அது ஒட்டுவதற்கு ஊற்றும் காடியும். துக்கத்துக்காக அவள் போட்டிருந்த கறுப்பு உடுப்பின் கைவிளிம்பு இன்னும் ஈரமாக இருந்தது.

"முன்னாடி என்ன நிறம்?"

"பச்சை."

கடைக்காரர் கையெழுத்துக்கான இடத்தில் பின்னாக் தன் பெயரை எழுதினார். மை உலரும்வரை ஊதி, தாளை அச்சுக்கூடத்துக்கு அனுப்பினார். பிறகு, அவள் வாசலைத் தாண்டுவதற்குள், சட்டையின் கைப்பட்டியை இழுத்துவிட்டு, தாளில் படித்த அவள் வீட்டு எண்ணை அதில் குறித்துக்கொண்டு, கிள்ளிப் பார்க்கப் போகிறவராய்த் தொப்பியை எடுத்தார்.