சாமியிடம் கேட்காத கேள்வி

என் அண்ணனுக்கு இருபது வருஷம் தள்ளிப் பார்க்கும் கண் உண்டு என்று திருச்செங்கோட்டுப் பக்கத்தில் சொல்வார்கள். ஆயிரம் அடி போர் போட்டாலும் தண்ணீருக்குப் பதில் புகைதான் பறக்கிறது, இனி இங்கே போர் போடும் ரிக் வண்டிக்கு வேலை இருக்காது என்று மற்றவர்களுக்கு முன்னாலேயே முடிவு செய்து, ஒரு வண்டியை ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்குக் கப்பலேற்றியவர். கூடவே என் வீட்டுக்காரரையும் டிரில்லராக ஏற்றி அனுப்பினார். தரைக்குக் கீழே அத்தனை ஆழம் தெரிந்த மனுஷருக்குத் தரைக்கு மேலே துப்பாக்கியோடு நிற்பவன் தெரியவில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எனக்குத் தெரிந்தது. செய்தி பார்த்துத் தெரிந்ததல்ல. தினமும் சாயங்காலம் என் வீட்டுக்காரர் போனில் சொல்வதை வைத்தே தெரிந்தது. முதல் வருஷம் அவர்கள் தங்கிய கேம்புக்கும் டவுனுக்கும் நடுவில் ஒரு செக்போஸ்ட். "சிரிச்சுக்கிட்டே உடறானுங்க" என்றார். அடுத்த வருஷம் மூன்று. அதற்கடுத்த வருஷம் டீசல் லாரிக்கு முன்னும் பின்னும் ராணுவ ஜீப். ரோடு போட வந்த வெளிநாட்டுக் கம்பெனி பாதி ரோட்டோடு மூட்டை கட்டியது. சந்தைக்கு வரும் பெண்கள் குறைந்துவிட்டார்கள் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். அதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போனது.

அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "ஏனுங்கண்ணா, அங்க நெலமை சரியில்லீங்க. இன்னைக்குச் சண்டை இல்லீன்னாலும் ரெண்டு வருசத்துல வந்துருமாட்ட இருக்குதுங்க. ரோடு இருக்கறப்பவே வண்டியையும் ஆளையும் துறைமுகத்துக்குக் கொண்டாந்துருங்க."

சிரித்தார். "நீ ஊட்டுல உக்காந்துக்கிட்டு ராணுவ மந்திரியாட்டப் பேசற கண்ணு. பூக் கேட்டுரலாம். சாமி சொல்றபடி செய்யலாம்."

குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் சாமி காலடியில் வைத்துப் பூசாரி ஒன்றை எடுத்தார். வெள்ளை வந்தது, உத்தரவு கிடைத்துவிட்டது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நானும்தான். ஆனால் பொட்டலம் வைக்கும்போது அண்ணன் வாய்விட்டுக் கேட்டது என் காதில் விழுந்திருந்தது: "அங்க இன்னமும் தண்ணி வருமா சாமி, தொழில் ஓடுமா?" ஆள் பிழைப்பானா என்று கேட்கவில்லை. சாமி கேட்டதற்குத்தான் பதில் சொன்னது. தண்ணீர் நன்றாகவே வந்தது. திருத்திக் கேளுங்கள் என்று சொல்ல என் வாய்க்கு என்ன கேடு? நாலு பேர் முன்னால் பொம்பளை பேசக் கூடாது என்று மரமாக நின்றேன். அந்தக் கோபம் என் மேல்தான்.

எட்டு மாதத்தில் அந்த ரோடு அடைபட்டது. கேம்பைக் கொளுத்தினார்கள், கொளுத்தியது எந்தத் தரப்பு என்று என் வீட்டுக்காரருக்கே இன்னும் தெரியாது. பதினோரு நாள் போன் இல்லை. அத்தனை நாளும் அண்ணன் வீட்டில் வண்டிக்கு இன்சூரன்ஸ் வருமா என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். தொடையில் குண்டு பாய்ந்து, வாழைத்தார் ஏற்றிய லாரியில் ஒளிந்து எல்லை தாண்டி, ஒருவழியாக அவர் ஊர் வந்து சேர்ந்தார்.

மூன்றாம் நாள் அண்ணன் சாத்துக்குடியோடு வந்தார். காலைப் பார்த்தார், கண் கலங்கினார். அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். காப்பி குடித்து முடித்ததும் பேச்சை எடுத்தார். "பக்கத்து நாட்டுல வேலை இருக்குது மாப்ள. அங்க ஒரு தொந்தரவும் இல்ல. காலு ஆறட்டும், பொறவு போலாம்."

"அங்கயும் சண்டை வருமுங்க! இவரு போகமாட்டாருங்க!" என்று கத்தினேன். அண்ணன் முன்னால் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் கட்டுப் போட்ட காலை மெதுவாக ஸ்டூலிலிருந்து இறக்கிவைத்தார்.

"எந்த மாசமுங்க மச்சான்?" என்று கேட்டார்.