சுவருக்கு மேலே வந்த பாகற்காய்

இன்று மொட்டை மாடியில் பாகற்காய் பறித்தபோது அந்த இலையின் பச்சை வாசம் விரலில் ஒட்டிக்கொள்ள, காரைக்குடியில் எங்கள் பக்கத்து வீட்டுச் செல்லையா மாமாவின் தோட்டம் கண்முன் வந்து நின்றது. இப்போது அங்கே ஓட்டல்காரர்கள் சிமெண்டுத் தளம் போட்டுக் கார் நிறுத்துகிறார்கள், நிறுத்தட்டும்.

சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காக அம்மாவின் சொந்தங்கள் எங்கள் வாசலை மிதிக்காத வருஷங்களில், விடிந்ததும் மாமாவின் கிணற்று உருளை கிறீச்சிடும், பாத்தியில் தண்ணீர் சளசளக்கும், பிறகு சுற்றுச்சுவருக்கு மேலே ஓலைப்பெட்டி எழும்பும். கத்தரி, வெண்டை, அவரை என்று எது காய்த்தாலும் முதல் பறிப்பு எங்களுக்குத்தான். ஒருநாள் பெட்டி நிறையப் பாகற்காய். அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

“பாவக்கா குடுத்தா உறவு முறிஞ்சுரும்பாகளே, அண்ணே.”

“இனிப்பா குடுத்த ஒன் சொந்தக்காரக இப்ப எங்க இருக்காக, ஆத்தா? புடி!” என்றார் மாமா, தெருவுக்கே கேட்கும்படி.

அவர் சாகும்வரை அந்தச் சுவருக்கு மேலே பெட்டி எழும்பாத வாரமில்லை.

பறித்த காய்களை எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனேன். புதிதாகக் குடிவந்த அந்தப் பெண், “பாவக்காய வாங்கக் கூடாதும்பாகளே,” என்று தயங்கினாள். நீட்டிய கையை நான் மடக்கவில்லை.