பெண் அழைப்பில் நின்றுபோன கார்

எண்பதுகளின் தொடக்கம். தை மாத முகூர்த்தத்தில் திருவண்ணாமலையில் எனக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் பெண் அழைப்பு.

அப்பா சின்னதாக ஒரு ரைஸ் மில் நடத்தினார். அவருக்குக் கார் பைத்தியம். வேலூரில் ஒரு வக்கீல் வீட்டு ஷெட்டில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த பழைய கார் ஒன்றை லாரியில் ஏற்றி வந்தார். உலக யுத்தம் முடிந்த கையோடு சீமையில் செய்தது. உருண்ட முதுகு, திரும்பும்போது சிக்னல் காட்டப் பக்கவாட்டில் சின்னக் கை ஒன்று வெளியே நீளும். துருவைச் சுரண்டி, மெட்ராஸில் சாமான் தேடி, பாலாடை நிறத்தில் பெயின்ட் அடித்து ஓட வைக்க வருஷக்கணக்கானது. எனக்கு ரெண்டு பொண்ணு, பெரியவ ஷெட்ல நிக்கறா என்று அம்மா கிண்டல் செய்வாள்.

பெண் அழைப்புக்கு அந்தக் காரில்தான் நான் போக வேண்டும் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். மாமியாராக வரப்போகிறவருக்கு அதில் இஷ்டமே இல்லை. ஊர் பார்க்கிற காரியம், நல்ல அம்பாசிடராக வாடகைக்கு எடுங்கள் என்று இரண்டு தடவை சொல்லியனுப்பினார். அப்பா கேட்டால்தானே!

பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். பட்டு வேட்டியோடு அப்பாவே ஓட்டினார். முன்னால் மேளம், பின்னால் சீர்வரிசைத் தட்டுகள். மேளக்காரர்கள் நின்று நின்று வாசிக்க, காரும் ஊர்ந்து ஊர்ந்து போனதில் என்ஜின் சூடாகிவிட்டது. தேரடித் தெருவில், கல்யாணச் சத்திரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது.

அப்பா இறங்கி, முன்னால் ஸ்டார்ட் செய்கிற கம்பியைச் செருகிச் சுற்று சுற்றென்று சுற்றினார். ஊஹூம். மேளம் ஓய்ந்தது. "பொண்ணு வர்ற வண்டி நடுவழியில நின்னுபோச்சே, இது நல்லதுக்கில்ல" என்று ஜன்னலுக்குப் பக்கத்திலேயே யாரோ சொன்னார்கள். இதைச் சாக்கு வைத்துக் கல்யாணத்தை நிறுத்திவிட்டால்? நிறுத்தாவிட்டாலும் அந்த வீட்டில் காலமெல்லாம் நான் ராசியில்லாதவள்தானே?

அப்போதுதான் மாமியார் வந்தார். சத்திரத்து வாசலில் ஆரத்தியோடு காத்திருக்க வேண்டியவர், தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கி நடந்து வந்தார். தொலைந்தோம் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கார்க் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"தள்ளுங்கடா" என்றார் பின்னாலேயே ஓடி வந்த தன் பிள்ளைகளிடம், தெருவே கேட்கும்படி. "சம்பந்தி, நீங்க ஸ்டியரிங்கப் புடிங்க. நானும் என் மருமகளும் இதுலதான் போய் எறங்குவோம்."

அதற்குப் பிறகு சகுனத்தைப் பற்றி யார் பேசுவார்கள்? மேளம் மறுபடி தொடங்கியது. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு என் வீட்டுக்காரரும் சேர்ந்து தள்ளினாராம். வெட்கத்தில் நான் திரும்பியே பார்க்கவில்லை.

ரொம்ப நாள் கழித்து, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று மாமியாரிடம் கேட்டேன். "அந்தக் கார் எனக்கு எப்பவும் புடிக்காது. ஆனா உங்கப்பா அந்தக் கம்பிய வெச்சிக்கினு நின்ன மூஞ்சியப் பாத்தேன். அப்புறம் எப்படிம்மா சும்மா நிக்கறது?" என்றார்.

அப்பாவும் மாமியாரும் இன்று இல்லை. காரும் கை மாறிப் போய்விட்டது. இப்போது நானே ஒரு மாமியார். சம்பந்தி வீட்டாரைக் குறை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் முதலில் அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். பாதி நேரம், சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.